கரையிலிருந்து மலைக்கு வந்த பழைய படகும் வீட்டில் வார்க்கும் பைபர் பாகங்களும்

நோர்வூட்டிலிருந்து தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். நீர்கொழும்பில் 17 அடிப் பழைய மீன்பிடிப் படகு ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வலை போடுவதற்காக அண்ணனும் தம்பியுமாக அதை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். உடல் பைபர். குறுக்கு இருக்கைகள் உளுத்துவிட்டன, முன்மூடி இல்லை, எஞ்சின் பூட்டும் பின்பலகையைத் தட்டினால் மொத்தென்று ஒலிக்கிறது. பாகங்களை வீட்டிலேயே பைபரில் வார்த்துப் பொருத்தலாமா, இந்தக் குளிரிலும் மழையிலும் ரெசின் இறுகுமா என்று கேட்கிறார்.

வார்க்கலாம் தம்பி, இறுகவும் செய்யும். ஆனால் நீர்கொழும்பில் ஒரு பைபர் பாஸ் செய்வதைப் பார்த்துவிட்டு அதையே இங்கே செய்தால் அது பலிக்காது. அங்கே இரவிலும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1100 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. நீங்கள் கேட்டது பாகங்களைப் பற்றி; என் பதிலில் பாதி ஈரத்தையும் குளிரையும் பற்றியதாக இருக்கும். மலைநாட்டில் பைபர் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் கைத்திறன் குறைவால் அல்ல, அந்த இரண்டாலும்தான்.

பொலியெஸ்டர் ரெசின் பெயின்ட் போலக் காற்றில் உலர்வதில்லை. ஹாட்னர் கலந்ததும் உள்ளே வேதிவினை தொடங்கி இறுகுகிறது. அந்த வினைக்கு வெப்பம் வேண்டும். 25 பாகை செல்சியஸில் 20 நிமிடத்தில் கூழாகும் கலவை 15 பாகையில் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுக்கும். அதற்கும் கீழே போனால் மேலே இறுகியது போலத் தோன்றி உள்ளே அரைவேக்காடாக நின்றுவிடும். அப்படி நின்றதைப் பிறகு வெயிலில் வைத்தாலும் முழுப் பலம் திரும்பும் என்று நம்ப முடியாது. குளிருக்கு ஈடாக ஹாட்னரை அள்ளி ஊற்றுவதும் தீர்வாகாது. ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் என்பது அளவு. ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். அதைத் தாண்டினால் வார்ப்பு பலவீனமாகும். கண் அளவு வேண்டாம். மருந்துக்கடையில் விற்கும் ஊசிக்குழாயால் அளந்து ஊற்றுங்கள்.

எனவே நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தை பிறந்ததிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை நமக்கு வறண்ட காலம். இரவு கடும் குளிர் என்றாலும் பகல் வெயில் நன்றாக இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி ஒரு மணிக்குள் கடைசிப் படையை விரித்துவிட்டால், மாலைப் பனி இறங்குமுன் ரெசின் இறுகிவிடும். ரெசின் வாளியையும் அச்சையும் முன்கூட்டியே வெயிலில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். மூடுபனி ஏறத் தொடங்கினால், எவ்வளவு வேலை மிச்சமிருந்தாலும், அன்றைக்கு நிறுத்துங்கள். குளிர்ந்த பைபரின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும்; அதன் மேல் பூசிய ரெசின் பின்னர் தோலாக உரிந்து வரும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் புரட்டாசி வரை படகு உடலில் கை வைக்கவே வேண்டாம். அந்த மாதங்களில் சின்னப் பாகங்களைக் கூரைக்குக் கீழே வார்க்கலாம்.

கூரை என்றதும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லயத்துக்குள் இந்த வேலையைச் செய்யாதீர்கள். இஸ்தோப்பிலும் வேண்டாம். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரின் ஆவி தீப்பற்றக்கூடியது, தலையைச் சுற்றவைப்பது. பக்கத்துக் காம்பராவில் விறகடுப்பு எரியும், தொட்டிலில் குழந்தை தூங்கும், நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். தூசிக்குப் போடும் துணி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும். வீடுகளிலிருந்து தள்ளி, மூன்று பக்கம் திறந்து, மேலே தகரமும் மழைச்சாரல் அடிக்கும் பக்கம் படங்கும் கட்டிய கொட்டில் போதும். ஹாட்னர் கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வையைப் பறிக்கும். கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி சுத்தமான தண்ணீரும் இருக்கட்டும். தெறித்துவிட்டால் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் தனிப் போத்தலில் வந்தால் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்குங்கள், ஹாட்னரை அதன் பிறகு. கோபால்ட்டும் ஹாட்னரும் ஒன்றோடொன்று நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். வாங்கும்போதே ரெசினில் கோபால்ட் கலந்திருக்கிறதா என்று கேட்டு வாளியில் எழுதி வையுங்கள்.

இனிப் படகுக்கு வருவோம். கடலில் ஓடிய படகு நன்னீருக்கு வந்தால் இளைப்பாறும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. நன்னீர் ஊறிய பலகையில் அது தாராளமாக வளரும். கடலில் இன்னும் சில வருடங்கள் தாங்கியிருக்கக்கூடிய பின்பலகை இங்கே சீக்கிரம் சோறாகக் குழைந்துவிடும். பைபருக்கும் அப்படித்தான். வெளிப்பூச்சான ஜெல்கோட்டைத் தாண்டி நீர் மெல்ல உள்ளே ஊடுருவிக் கொப்புளம் போடும் நோய் உப்புநீரைவிட நன்னீரில் கடுமையாக இருக்கும். அடிப்பக்கத்தில் பட்டாணி அளவிலிருந்து ஐந்து ரூபாய்க் குற்றி அளவு வரை மேடுகள் தெரிந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். புளித்த வாடையோடு நீர் வடிந்தால் அந்த இடத்தை அரைத்துத் திறக்க வேண்டும்.

அடுத்து ஒரு சிறு சுத்தியலின் மரப்பிடியால் படகு முழுவதையும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று சொல்லும், படைகள் பிரிந்த இடம் மந்தமாகச் சொல்லும். சந்தேகமான இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேன வளைவுகள் வழியாக லொறியில் குலுங்கி வந்த படகு. கயிறு இறுக்கிய இடங்களிலும் அடியில் கட்டை தாங்கிய இடங்களிலும் புது வெடிப்புகள் இருக்கலாம், அவற்றையும் பாருங்கள். ஈரத்தைச் சோதிக்க, அரத்தாளால் தேய்த்த ஓர் இடத்தில் இரண்டடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் படகு இன்னும் காயவில்லை.

காயவைப்பதற்கு நெருப்பு வேண்டாம். கொழுந்து வாட்டும் தட்டில் அடியிலிருந்து காற்றுப் போவதுபோல, படகைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கவிழ்த்து வைத்து, உள்ளே காற்று ஓட வழிவிடுங்கள். படங்கை உடலோடு ஒட்டிப் போர்த்தினால் உள்ளே வியர்க்கும், எட்டிக் கட்டுங்கள். உளுத்த மரத்தையெல்லாம் முதலில் பிடுங்கி எறிந்துவிட்டுக் காயவிட்டால் நேரம் மிச்சமாகும். இது வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் நீங்கள் பாகங்களை வார்க்கப் போகிறீர்கள்.

முன்மூடியிலிருந்தும் பெட்டி மூடிகளிலிருந்தும் தொடங்குங்கள். அவை கெட்டால் உயிருக்கு ஆபத்தில்லை, கை பழகும். தட்டையான மூடிக்கு அச்சு மிக எளிது. பழைய மேசையின் ஃபோமைக்கா ஒட்டிய பலகை ஒன்றை எடுத்து, மூடியின் அளவுக்குச் சுற்றிலும் விளிம்புச் சட்டங்களை அடியுங்கள். சட்டம் நேர்செங்குத்தாக நிற்கக்கூடாது. சற்றே வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால்தான் வார்ப்பு கழன்று வரும். உள்மூலைகளில் பிளாஸ்டிசின் களிமண்ணை விரலால் அழுத்தி வளைவாக்குங்கள். கூர்மையான மூலையில் நார்ப்பாய் (ரெசினில் ஊறவைத்துப் படையாகப் போடும் கண்ணாடி நார் விரிப்பு) படியாது, காற்று தங்கும். பிறகு மெழுகு. முதல் அச்சென்றால் நான்கைந்து முறை பூசி, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் துணியால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். கரையோரத்தில் இதற்கு மேல், வார்ப்பு அச்சில் ஒட்டாதிருக்கப் பிவிஏ திரவமும் பூசுவார்கள். அது நீரில் கரையும் பொருள். நம் ஈரக்காற்றில் மணிக்கணக்கில் காயாமல் நிற்கும், பனி பட்டால் குழம்பிவிடும். நல்ல வெயில் நாளில் மட்டும் அதைப் பூசுங்கள். மற்ற நாட்களில் மெழுகையே கூட்டித் தேய்த்து நம்புங்கள்.

ஜெல்கோட்டை அரை மில்லிமீற்றர் கனத்துக்குச் சமமாகப் பூசி, விரலால் தொட்டால் ரேகை பதிய வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக்கூடாது என்ற பதம் வரும்வரை காத்திருங்கள். முதற்படை சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள நார்ப்பாய், அதன் மேல் 450 கிராம் பாய் இரண்டு படை. 450 கிராம் பாய் ஒரு படை இறுகினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் கனம் வரும், ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ரெசின் குடிக்கும். ரெசின் கூடினால் பலம் கூடும் என்பது தவறான எண்ணம். பலம் நாரில் இருக்கிறது; ரெசின் அதைப் பிடித்து வைப்பதற்கே. பள்ளம் பள்ளமாக ரெசின் தேங்கினால் அங்கேதான் முதலில் வெடிக்கும். தூரிகையால் இழுக்காமல் குத்திக் குத்தி ஊறவைத்து, பல்லுருளையால் காற்றை வெளியேற்றுங்கள். இன்னொன்று: நார்ப்பாய் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பொலித்தீனில் சுற்றி வீட்டுக்குள் வைத்து, வேலைக்கு முன் வெயிலில் விரித்து எடுங்கள்.

மூடி ஆடுகிறது என்று படை மேல் படை போடுவதைப் பலரிடம் பார்க்கிறேன். படகு கனத்துவிடும், ரெசினும் வீண். பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து, மூடியின் உட்புறம் கவிழ்த்து வைத்து, அதன் மேல் இரண்டு படை பாய் போடுங்கள். உள்ளே குழாய் வெறும் உருவத்துக்குத்தான். மேலே வளையும் பைபர்தான் விறைப்பைத் தருகிறது. விளிம்பை இரண்டு அங்குலம் கீழ்நோக்கி மடித்து வார்த்தால் மேலே ஏறி நின்றாலும் அசையாது. வார்ப்பு தோல்போல இறுகி இன்னும் கல்லாகாத பதத்தில் ஓரத்தைக் கத்தியால் வெட்டிவிடுங்கள், கிரைண்டர் தூசி மிச்சம். அச்சிலிருந்து ஒரு நாள் கழித்து எடுப்பது கரையோரப் பழக்கம். இங்கே இரண்டு, மூன்று நாள் விடுங்கள். எடுத்த பிறகு சில நாள் வெயில் காட்டுங்கள். கடைசிப் படை ரெசினில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்த்தால் மேற்பரப்பின் பிசுபிசுப்பு நீங்கும். ஆனால் பிறகு மேலே எதையும் ஒட்டவேண்டுமென்றால் அந்த மெழுகை அரைத்தெடுக்க வேண்டும்.

அணியத்து முன்மூடிக்கு வளைவு இருப்பதால் அச்சைப் படகின் மேலேயே கட்டலாம். காயவைத்த படகை நிமிர்த்தி, மெல்லிய ஹாட்போர்டை வளைத்துக் குறுக்குச் சட்டங்களில் அறைந்து, மேலே பொலித்தீனை இறுக்கி ஒட்டி, அதன் மேல் நேராகப் படை போடுங்கள். வெளிப்புறம் சொரசொரப்பாக வரும். பட்டி போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் ஒற்றைப் படகுக்கு அதுவே தாராளம்.

இருக்கைகளைப் பலகையாகச் செய்யாமல் பெட்டியாக வாருங்கள். உங்கள் படகில் மிதவை அங்கேதான் இருக்க வேண்டும். பைபர் தண்ணீரைவிடக் கனமானது. தண்ணீர் நிரம்பினால் தானாக மிதக்காது. உடலில் 150 கிலோ பைபர் இருந்தால் நீருக்குள் அது ஏறத்தாழ 50 கிலோவாக இழுக்கும், 40 கிலோ எஞ்சின் 35 கிலோ வரை இழுக்கும். அடைத்த நுரை ஒவ்வொரு லீற்றரும் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். இருவர் தொற்றிக்கொண்டு நிற்கவும் சேர்த்து 200 லீற்றர், அதாவது ஏறத்தாழ ஏழு கன அடி நுரை வையுங்கள். பாதியை முன்னிருக்கையிலும் மீதியைப் பின்னால் இரு பக்க ஓரங்களிலும் பிரித்து வைத்தால் கவிழ்ந்து நிற்காது. மலை நீர் குளிர்ந்தது, கரை செங்குத்து, சேறு ஆழம். நீந்தத் தெரிந்தவரும் கம்பளிச் சட்டையோடு விழுந்தால் திணறுவார். நுரையில் கஞ்சத்தனம் காட்டவே கூடாது. ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைக்கட்டியை வைப்பதானால் அதன் மேல் பொலியெஸ்டர் ரெசின் படவிடாதீர்கள், கண்முன்னே கரைந்துபோகும். பொலித்தீனில் சுற்றி டேப் ஒட்டிப் பெட்டிக்குள் வையுங்கள், பெட்டியின் அடியில் நீர் வடிய ஒரு துவாரம் விடுங்கள்.

பெட்டியை உடலோடு சேர்க்கும் இடத்தில் பழைய பெயின்டையும் எண்ணெய்யையும் அசிட்டோனால் துடைத்து, 40 இலக்க அரத்தாளால் வெள்ளை நார் தெரியும்வரை கீறி, தூசியைத் துடைத்துவிட்டு இரண்டு படை 450 பாயை நான்கு அங்குல அகலப் பட்டைகளாகப் போடுங்கள். பெட்டியின் ஓரம் உடலை நேராக அழுத்தக்கூடாது. நடுவே மெல்லிய நுரைப்பட்டை வைத்தால், அலையில் உடல் நெளியும்போது அந்தக் கோட்டில் வெடிக்காது.

இப்போது பின்பலகை. இதைக் கடைசியாகச் சொல்வது, அதற்குள் உங்கள் கை பழகியிருக்க வேண்டும் என்பதற்காக. எஞ்சினின் முழு இழுப்பையும் தாங்குவது இது ஒன்றுதான். மேலே ஒரு படை போட்டு மூடிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். உட்புறத் தோலைச் சுற்றிலும் ஓரங்குலம் விட்டு அறுத்தெடுத்து, உளுத்த பலகையை உளியால் கடைசித் துண்டு வரை சுரண்டி, வெளித்தோலைக் காயவிடுங்கள். 18 மில்லிமீற்றர் மெரைன் ஒட்டுப்பலகை இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி வைக்க வேண்டும். மரமும் பைபரும் சேரும் இந்த இடத்தில் மட்டும் செலவைப் பாராமல் எப்பொக்ஸி என்ற வேறு வகை ரெசினை வாங்குங்கள். பொலியெஸ்டர் மரத்தை நெடுங்காலம் பிடிப்பதில்லை. எப்பொக்ஸிக்கு ரெசினும் ஹாட்னரும் தயாரிப்பாளர் குறித்த விகிதத்தில் சரியாக இருக்க வேண்டும். கூட்டினாலும் குறைத்தாலும் இறுகாது. அதோடு சாதாரண நார்ப்பாயைப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பாயின் பசை ஸ்டைரினில்தான் கரையும், எப்பொக்ஸியில் இளகாது. நெய்த துணியை எடுங்கள். பலகையின் வெட்டுமுனைகள் ஈரத்தை உறிஞ்சும் வாய்கள், அவற்றுக்கு இரண்டு முறை எப்பொக்ஸி குடிக்கக் கொடுங்கள். உள்மூலைகளைப் பட்டியால் வளைவாக்கி, துணிப் படைகள் இரு பக்க உடலிலும் அடியிலும் ஆறங்குலம் ஏறிப் பிடிக்கும்படி போடுங்கள்.

போல்ட் துளைகளைத் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, தடித்த எப்பொக்ஸியால் அடைத்து, இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மீண்டும் துளையுங்கள். அப்போது போல்ட்டின் வழியே கசியும் நீர் மரத்தைத் தொடாது. பழைய பலகை உளுத்ததற்குக் காரணமும் பெரும்பாலும் அந்தத் துளைகளாகத்தான் இருக்கும். பலகையின் உயரத்தை வெட்டுமுன் உங்கள் எஞ்சின் குட்டைத் தண்டா நெட்டைத் தண்டா என்று அளந்து பாருங்கள். குட்டைக்கு ஏறத்தாழ 15 அங்குலம், நெட்டைக்கு 20.

அடிப்பக்கத்தில் கடலுக்காகப் பூசிய செம்புப் பெயின்ட் இருக்கும். அது கடற்சிப்பி ஒட்டாமல் தடுக்கப் பூசிய நஞ்சு. இங்கே அந்தச் சிப்பி இல்லை, மீனும், மனிதர் குடிக்கும் தண்ணீரும்தான் இருக்கின்றன. தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்தெடுத்து, கழிவை ஓடையில் விடாமல் சேகரியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு நீர்க்கோட்டுக்குக் கீழே எப்பொக்ஸித் தடுப்புப் பூச்சு சில கை கொடுத்தால் கொப்புளம் தள்ளிப்போகும். தினமும் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டால் இன்னும் நல்லது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவின் மேல் மூன்று படை நெய்த பட்டை கூடுதலாகப் போடுங்கள். நம் நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காக ஏறி இறங்குபவை. வறட்சியில் காசல்ரீயின் பாறைகளும் அடிக்கட்டைகளும் நீருக்குச் சற்றுக் கீழே காத்துக்கொண்டிருக்கும். மவுஸ்ஸாகலையில் நீர் வற்றினால் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் சுவரே வெளியே வந்துவிடுகிறது. இழுத்து ஏற்றும் தூரமும் அப்போது நீளும்.

வேலையைத் தொடங்கும் முன்பே நெக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை) அலுவலரிடம் பேசி, மீன்பிடி அனுமதியும் அங்கே எஞ்சின் ஓட்டலாமா என்பதும் எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சினுக்கு இடமில்லை என்றால் துடுப்புக்கு ஏற்றபடி பின்பலகையை இலகுவாக்கலாம், செலவில் பெரும்பகுதி மிஞ்சும். அனுமதி கிடைத்தால் முதல் ஓட்டத்துக்கு முன் படகை இடுப்பளவு நீரில் கட்டி, எஞ்சினைப் பூட்டி, வேண்டுமென்றே வாளியால் நீர் ஊற்றி நிரப்புங்கள். மட்டமாக நின்று விளிம்பு வெளியே தெரிந்தால் நுரை போதும். பின்பக்கம் அமிழ்ந்தால் அங்கே இன்னும் சேர்க்க வேண்டும். எஞ்சின் நீர்கொழும்பில் இழுத்த அளவுக்கு இங்கே இழுக்காது. ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலு குறையும், நம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்காகப் பெரிய எஞ்சின் தேட வேண்டாம். முறுக்குக் குறைந்த விசிறியை மாற்றிப் பாருங்கள், கார்பரேட்டரில் எண்ணெய் கூடிப் புகைந்தால் ஜெட்டைக் குறைக்கச் சொல்லுங்கள்.